ரேடியேற்றருக்குள் என்ன நடக்கிறது? கொழும்பு வாகனக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். அதன் பலனாக இன்று கொழும்பில் ஓடுகிற கார்கள் பலவற்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீலும் கைவிடுகிற வயது அது. உறவுக்காரர், அயலவர், வேலைத்தல நண்பர்கள் என்று கார் வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகளைத் திரட்டிப் பதிலோடு தருகிறேன். பல பதில்கள் ஒரே இடத்தில் போய் முட்டும்: எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் ஓடுவது மூடிய சுற்றில், அதில் தண்ணீர் சும்மா குறையாது.

எஞ்சினை ஏன் குளிரவைக்க வேண்டும்? காற்றிலேயே ஆறிவிடாதா?

சிலிண்டருக்குள் பெற்றோல் எரிகிற கணத்தில் அங்குள்ள வாயு 2000 பாகை செல்சியஸுக்கு மேல் போகும். பிஸ்டனும் சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட்டும் அலுமினியம். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே கொண்டுபோக ஏதாவது வேண்டும்தானே? காசு கொடுத்து அடிக்கிற பெற்றோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகத்தில் ஏறுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர், அல்லது அதில் கலக்கிற கூலன்ட், சுமப்பது இதைத்தான்.

உலோகம் உருகும்வரை போகவே தேவையில்லை. அதற்கு வெகு முன்பே சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் சுவரோடு உரசி இறுகிவிடும். 'எஞ்சின் சீஸ்' என்று கராஜில் சொல்வது இதைத்தான்.

தண்ணீர் எந்த வழியாகச் சுற்றுகிறது?

வாட்டர் பம்ப் தள்ளுகிற தண்ணீர் முதலில் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளுக்குள் போகும். அங்கிருந்து ஹெட்டுக்கு ஏறி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேற்றருக்கு வரும். ரேடியேற்றருக்குள் தட்டையான மெல்லிய குழாய்கள், அவற்றுக்கிடையே மடித்து மடித்து வைத்த அலுமினியத் தகடு. காற்றுப் படுகிற பரப்பைக் கூட்டத்தான் அத்தனை மடிப்பு. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸால் பம்புக்குத் திரும்பிவிடும்.

1900-இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் 35 குதிரைவலுக் காருக்காக ஆயிரக்கணக்கான சிறு குழாய்களை அடுக்கி ஒரு ரேடியேற்றர் செய்தார். இன்றுள்ளவற்றின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. ஃபோர்ட் மொடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்ற இயல்பை மட்டும் நம்பி அவை ஓடின.

கொழும்பு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிப் போடச் சொல்கிறார்களே?

சொல்பவர் பாடம் படித்தது பழைய டீசல் வான்களில் என்று வைத்துக்கொள்ளலாம். கழற்றவே வேண்டாம். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற வால்வு அது.

நம் ஊரில் வெளிச்சூடு 30 பாகை, அதிகமாகப் போனால் 34. எஞ்சின் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற சூடு 85 முதல் 100 பாகை அளவு. 30-க்கும் 90-க்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். எஞ்சினுக்குக் கொழும்பும் குளிர்தேசம்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சிறிய பித்தளைக் குப்பி தெரியும். உள்ளே இருப்பது மெழுகு. விளிம்பில் 82 அல்லது 88 என்று அடித்திருப்பார்கள். அந்தச் சூட்டை எட்டியதும் மெழுகு இளகி விரிந்து ஊசியைத் தள்ள, வால்வு திறக்கும். மின்சாரமும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. 1930களில் வந்த இந்த உத்திதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய ஆணியையும் காணலாம். காற்று வெளியேறுகிற வழி அது. பூட்டும்போது பெரும்பாலான எஞ்சின்களில் அந்த ஆணி மேற்பக்கம் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டு, 'காற்றுப் பிடித்துவிட்டது' என்று பிறகு அலைபவர்கள் உண்டு.

இதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்பியூட்டர் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் எண்ணெயில் கலக்கும். இதைவிடக் கொடுமை ஒன்றும் உண்டு. சில எஞ்சின்களில் ரேடியேற்றருக்குப் போகாமல் நேராகத் திரும்புகிற குறுக்குவழியை மூடுவதும் இதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாதபோது சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைப் பார்க்காமலே உள்ளே சுற்றும். குளிரட்டும் என்று கழற்றிய எஞ்சின் ஏற்றத்தில் கொதிக்கும்.

சந்தேகமாக இருந்தால் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். எழுதியிருக்கிற சூட்டை ஒட்டித் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

ரேடியேற்றர் மூடி வெறும் மூடிதானே?

இந்த முழு அமைப்பிலும் விலை குறைந்த உறுப்பு, அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. எஞ்சின் நன்றாக ஆறிய காலையில் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சுருள்வில் ஒன்று, அதன் அடியில் அகலமான ரப்பர் வளையம், நடுவில் நகத்தால் இழுத்தால் திறக்கிற சிறிய வால்வு. மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும்.

அந்த எண் அழுத்தம். 0.9 மூடி என்றால், உள்ளே வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 0.9 பார் அழுத்தம் கூடுதலாக ஏறும்வரை வில் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கிற வெறும் தண்ணீர், இந்த மூடிக்குள் 119 பாகை அளவில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125 பாகையை ஒட்டிப் போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இறம்பொடை ஏற்றத்தில் பழைய மூடியோடு போகிறவர்கள் வழியில் நிற்பது இதனால்தான்.

வில் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அழுத்தம் நிற்காது. தண்ணீர் முந்திக் கொதித்து, பக்கத்திலுள்ள மேலதிகத் தண்ணீர்ப் போத்தலுக்குள் பாய்ந்து, நிரம்பி வழிந்துபோகும். நடுவிலுள்ள சிறிய வால்வுக்கு வேறு வேலை. எஞ்சின் ஆறும்போது உள்ளே தண்ணீர் சுருங்கும், அப்போது போத்தலிலிருந்து திருப்பி உறிஞ்சுவது இந்த வால்வு. காலையில் பொனட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். புதிய மூடி வாங்கும்போது பழையதன் எண்ணையே கேளுங்கள். 0.9 போட்ட இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தாங்கியும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும்.

இங்கே பனி விழுவதில்லையே. கூலன்ட் எதற்கு, பைப் தண்ணீர் போதாதா?

சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். அதில் கூலன்ட் தோற்கும், உண்மை. நமக்குக் கூலன்ட் தேவைப்படுவது வேறு இரண்டு காரணங்களுக்காக. கொதிநிலை ஏறும் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், அதிலுள்ள துருத்தடுப்பு இரசாயனங்கள். அலுமினியம், இரும்பு, செம்பு, சீலின் ரப்பர் எல்லாம் ஒரே சுடுதண்ணீரில் ஊறுகிற இடத்தில் அரிப்பு வராமல் இருக்க முடியாது. பம்பின் சீலுக்கும் வெறும் தண்ணீர் நல்லதில்லை.

கொழும்புப் பைப் தண்ணீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலை வழியாகவும் வருகிறது. உப்புச்சத்து அதிகமில்லாத தண்ணீர்தான், ஆனாலும் குளோரின் உண்டு. வரட்சியில் ஆறு வற்றும்போது கடல்நீர் மேலேறி அம்பத்தலைக்குத் தொல்லை கொடுப்பதும் தெரிந்த கதை. இவற்றால் வருகிற குளோரைட் அலுமினியத்துக்கு எதிரி. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் மோசம். சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிற வன்னீர் அது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாளியால் அள்ளி ஊற்றாதீர்கள்.

காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று பெற்றோல் ஷெட்டிலும் உதிரிப்பாகக் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள். பற்றரி அசிட் அதன் பக்கத்திலேயே இருக்கும், லேபலைப் பார்த்து எடுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்?

உப்பில்லாத தண்ணீர்தான். ஆனால் தூசியும் பாசியும் கழுவி வருகிறது. வழியில் மாட்டிக்கொண்டால் ஊற்றலாம், வழக்கமாக்க வேண்டாம்.

பச்சை, சிவப்பு, நீலம்: எந்த நிறம்?

நிறம் வெறும் சாயம். எல்லாக் கம்பனிக்கும் பொதுவான நிற விதி கிடையாது. பார்க்க வேண்டியது காரின் கையேட்டில் சொன்ன வகையை. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீண்டகாலக் கூலன்டை முதன்முறை 160,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறார்கள், அதன்பின் 80,000-க்கு ஒரு முறை. பழைய வகைப் பச்சைக்கு இரண்டு வருடத்தைத் தாண்டி ஆயுள் எதிர்பார்க்கக் கூடாது. ஜப்பானியக் கம்பனிகள் பெரும்பாலும் பொஸ்பேற் சேர்ந்ததையும் ஐரோப்பியக் கம்பனிகள் பல சிலிக்கேற் சேர்ந்ததையும் விரும்புகின்றன. இரண்டையும் கலந்தால் துருத்தடுப்புச் சக்தி விரைவில் தீர்ந்துபோகும், சிலவேளை கூழாகத் திரளவும் கூடும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ரிகண்டிஷன் கார் என்றால் முழுவதையும் இறக்கி, கழுவி, புதிதாக ஊற்றுவதே நிம்மதி.

வாங்குகிற கலன் ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா, கலக்க வேண்டியதா என்றும் வாசியுங்கள். கலந்ததை வாங்கி வந்து மறுபடி பாதித் தண்ணீர் சேர்க்கிறவர்கள் ஏராளம்.

காலி வீதி நெரிசலில் சூடேறுகிறது, அதிவேகப் பாதையில் ஒன்றுமில்லை. ஏன்?

விசிறி. அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் அடிக்கிற காற்றே ரேடியேற்றருக்குப் போதும், விசிறி தேவையே இல்லை. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து போகும்போதுதான் விசிறியின் தயவு தேவைப்படுகிறது. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டுச் சிறிது நேரத்தில் முன்னால் விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய டீசல் வான்களில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றும், நடுவில் பிசுபிசுப்பான எண்ணெய் அடைத்த கப்ளிங் இருக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் விசிறி சுழல்வது போலத் தெரியும், காற்று வராது.

விசிறி சுழன்றும் சூடேறுகிறதா? ஒரு தாளை முன் கிரில்லில் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால், மோட்டார் மாற்றியவர் வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார்.

இதற்கு நேரெதிராக, நெரிசலில் சும்மா இருந்து, கடுகண்ணாவை ஏற்றத்திலோ அதிவேகப் பாதையிலோ சூடேறினால் விசிறியை விட்டுவிடுங்கள். ரேடியேற்றர் அடைப்பு, கூலன்ட் குறைவு, பம்ப் தேய்வு, தெர்மோஸ்டாட் பாதியில் சிக்குவது ஆகியவற்றில் ஒன்று. ஏசியின் சூட்டை வெளியேற்றுகிற கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இலை, பூச்சி, பொலித்தீன் சேர்ந்து கிடப்பதை டோர்ச் அடித்தால்தான் காணலாம். மெரின் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று தகடுகளை உதிர்த்தே விடும், விரலால் தொட்டால் மாவாகக் கொட்டும். கழுவும்போது பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடிக்காதீர்கள், தகடெல்லாம் மடங்கிவிடும்.

என் காரில் வெப்ப மீற்றரே இல்லையே?

வெகன் ஆர், அக்குவா போன்ற பல கார்களில் மீற்றருக்குப் பதில் விளக்குதான். நீலம் எரிந்தால் இன்னும் சூடேறவில்லை. சிவப்பு எரிந்தால் ஏற்கெனவே தாமதம். காரின் கம்பியூட்டரை வாசிக்கிற சிறிய ஓபிடி கருவி ஒன்றை மாட்டினால் கைத்தொலைபேசியில் சூட்டை எண்ணாகவே பார்க்கலாம், என் கணக்கில் அது வீண்செலவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சென்சர் அளப்பது கூலன்டின் சூட்டை. கூலன்ட் முழுதும் ஒழுகிவிட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், மீற்றர் ஒன்றும் நடக்காதது போலக் காட்டவும் கூடும்.

ஒழுக்கு நிற்க மஞ்சள்தூள் போடலாமா?

மீன்குழம்புக்குப் போடுங்கள். ரேடியேற்றருக்குள் அது ஓட்டையையும் அடைக்கும், நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

வழியில் கொதித்துவிட்டது. என்ன செய்வது?

உடனே ஏசியை நிறுத்துங்கள். ஓரங்கட்ட முடியாத நெரிசல் என்றால் ஹீற்றரை உச்சத்தில் வைத்து, காற்றையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான், எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் முகத்துக்கு அனுப்பும். வியர்வை போனால் போகட்டும். இடம் கிடைத்ததும் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள்.

மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது 100 பாகைக்கு மேல் சூடாகியும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கிற தண்ணீர். மூடியைத் திருப்பிய கணத்தில் அதன் ஒரு பகுதி ஆவியாக மாறி, மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் பொறுங்கள். துணியால் மேல் ஹோஸை அமத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. சூடான வெற்று எஞ்சினுக்குள் குளிர்தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து, ஹெட் வளையலாம், வெடிக்கவும் கூடும். ஆறிய பின் ஊற்றுங்கள், அவசரத்துக்குக் குடிதண்ணீர்ப் போத்தலும் சரி. ஊற்றியது கீழே ஒழுகுகிறதென்றால் இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். 'மெதுவாக ஓட்டிப் போய்விடலாம், வீடு பக்கம்தானே' என்ற நினைப்புத்தான் சிறிய ஹோஸ் செலவை எஞ்சின் செலவாக்குகிறது.

கீழே ஒரு துளியும் ஒழுகவில்லை. ஆனாலும் தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறது?

இந்தக் கேள்விதான் முக்கியமானது. ஊற்றி ஊற்றி ஓட்டுவது தீர்வில்லை, போகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் வாட்டர் பம்ப். சீல் தேயும்போது பம்பின் அடியிலுள்ள சிறு துளையால் கசியும், சூட்டில் அங்கேயே காய்ந்துவிடும். தரையில் ஈரம் இராது. ஆனால் துளைக்குக் கீழே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பொருக்குக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். அப்புறம் ரேடியேற்றர். இப்போதையவற்றில் அலுமினிய நடுப்பகுதியோடு பிளாஸ்டிக் தாங்கியை மடித்துப் பூட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் முதிர்ந்து பழுப்பாகும்போது அந்த மடிப்பில் மயிரிழை வெடிப்பு வரும், சூடேறினால் மட்டும் கசியும். பயணியின் காலடிக் கம்பளம் ஈரமாகி இனிப்பான மணம் வந்தால் ஹீற்றர் ஒழுகுகிறது.

இவை ஒன்றும் இல்லையென்றால் ஹெட் கஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற தகடு. காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிவிடுகிறதா? தண்ணீர் இன்னும் சூடேறவில்லை, அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிலிண்டர் வாயு உள்ளே புகுகிறது. மூடியில்லாமல் ஓடவிட்டால் குமிழிகள் விடாமல் வரும். எண்ணெய் பால்கோப்பி நிறத்துக்கு மாறலாம், வெள்ளைப் புகை நிற்காமல் வரலாம். நல்ல கராஜில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள். ரேடியேற்றர் வாயிலிருந்து வருகிற காற்றில் காபனீரொட்சைட் இருந்தால் அது மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றினால் வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல ஜப்பானிய எஞ்சின்களுக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர் அளவுதான், தலைமுடியின் தடிப்புக்கும் குறைவு. அளக்காமல் புதிய கஸ்கட் போட்டு மூடினால் அதே வேலை திரும்பி வரும்.

ஹைபிரிட் காருக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், கூடவே வேறு கவலைகளும் உண்டு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட் இல்லை, பம்ப் கைவிட்டால் சத்தமும் வராது. பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றுகிற இன்வேர்ட்டருக்குத் தனிச்சுற்று, தனிப் போத்தல். எஞ்சின் போத்தலை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறக்கிறவர்கள் பலர். பெரிய பற்றரிக்குத் தண்ணீரே இல்லை, பின்சீட்டுப் பக்கத்துத் துளையால் காற்றை இழுக்கிறது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் பையை வைத்து மறைக்காதீர்கள், தூசி வலை இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் இங்கே தண்டனை இரட்டிப்பு: போதிய சூடு வராதவரை சிக்னலில் எஞ்சின் அணையாது. ஹைபிரிட் வாங்கியதன் பயன் அங்கேயே போய்விடும்.

ஓட்டோவில் ரேடியேற்றர் இல்லையே?

நம் வீதிகளில் ஓடுகிற சாதாரண பெற்றோல் ஓட்டோக்கள் பெரும்பாலும் காற்றால் ஆறுபவை. எஞ்சின் பின்னால் ஒளிந்திருப்பதால் ஒரு விசிறி காற்றைப் பிடித்து, தகரக் கூடு வழியாகச் சிலிண்டரின் செதில்கள்மேல் தள்ளுகிறது. அந்தத் தகரத்தைக் 'காற்றோட்டத்துக்கு' என்று கழற்றினால் காற்று சிதறிப்போகும், எஞ்சின் இன்னும் சூடேறும்.

பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் வாங்கலாமா?

ரேடியேற்றர் வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். வாயில் விரலைவிட்டுத் தடவுங்கள், செம்மண் போலப் பொருக்கு ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் தாங்கி கறுப்பாகவே இருக்க வேண்டும். அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லிக் கேளுங்கள், தெரிந்த கடைக்காரர் செய்வார். மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், பம்ப் நான்கும் புதிதுதான். பழைய ஹோஸை வெளியில் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பது சுலபம், உள்ளே வெடித்திருப்பது தெரியாது.

இறக்கிய பழைய கூலன்டைக் கானில் ஊற்றலாமா?

கூடாது. கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் தேடி வந்து நக்கும், சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் திறந்த பேசினில் விட்டுவைப்பதும் அதே ஆபத்து. மூடியுள்ள கலனில் பிடித்து, மேலே என்னவென்று எழுதி, பழைய எண்ணெய் சேர்க்கிற சேர்விஸ் நிலையத்தில் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் மட்டும் பிடிக்காதீர்கள்.